பிள்ளைக் காம்பராவும் முன்பள்ளியும்: ஐந்து வயதுக்கு முன் மலையகப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

கல்விச் சீர்திருத்தம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பக்கம் ஒரு கேள்வி தவறாமல் எழும். "முன்பள்ளி எல்லாத்தையும் அரசாங்கம் ஒழுங்குபடுத்தப் போகுதாமே, அப்போ நம்ம பிள்ளைக் காம்பராவும் அதுல சேருமா?" நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்களே ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால், சிறுவர் நிலையங்களை மேற்பார்க்கும் 'ட்ரஸ்ட்' என்ற நிதியத்தைக் கை காட்டும். வலயக் கல்விப் பணிமனையைக் கேட்டால் அது மாகாணத்தின் விஷயம் என்பார்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ உத்தியோகத்தர் மகளிர், சிறுவர் விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சின் கீழ் வருபவர்.

இந்தச் சிக்கல் நேற்று வந்ததல்ல. சிறு பிள்ளைக் கல்வி உலகில் எப்படித் தொடங்கியது, மலைநாட்டுக்கு அது எந்தப் பாதையால் வந்தது என்று பார்த்தால்தான் முடிச்சு எங்கே விழுந்தது என்பது தெரியும்.

முதலில் பெயர்கள்

செய்தியில் வரும் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் பிரித்து வைத்துக்கொள்வோம்.

1. பிள்ளைக் காம்பரா, பிள்ளை மடுவம்: மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தையையும் சிறு பிள்ளையையும் விட்டுச் செல்லும் இடம். தோட்டத்துக்குச் சொந்தமானது. இப்போது எழுத்தில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்'. சில மாதக் குழந்தை முதல் 5 வயது வரை இருப்பார்கள். பார்த்துக்கொள்பவர் அன்று ஆயம்மா, இன்று சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்.

2. முன்பள்ளி: 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் காலையில் சில மணி நேரம் நடப்பது. நேசரி, பாலர் பாடசாலை, மொண்டிசோரி என்று பலகையில் என்ன இருந்தாலும் இதுதான்.

3. தரம் 1: 5 வயது நிறைந்த பிள்ளை சேரும் பாடசாலை வகுப்பு. கட்டாயக் கல்வி இங்கிருந்துதான். 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வரை என்றிருந்தது, 2016இல் 16 வரை நீண்டது.

4. முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி: மேலே உள்ள முதல் இரண்டையும் சேர்த்து, தாய் கருவுற்ற நாள் தொட்டு உணவு, சுகாதாரம், பேச்சு, விளையாட்டு எல்லாவற்றையும் உள்ளடக்கும் பெரிய பெயர். கொள்கை ஆவணங்களில் அதிகம் வரும்.

முதலாவதும் இரண்டாவதும் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. தாயின் நேரத்தை வைத்துத் தொடங்கியது ஒன்று, பிள்ளையின் வளர்ச்சியை வைத்துத் தொடங்கியது மற்றது. உலக வரலாற்றிலும் இந்த இரண்டு நூல்கள் உண்டு. பல நாடுகளில் அவை ஒரு கட்டத்தில் பின்னிக்கொண்டன. நம் மலையில் இன்னும் சரியாகப் பின்னிக்கொள்ளவில்லை என்பதே என் வாதம்.

மணலில் எழுதிய எழுத்து

ஐரோப்பியக் கதைக்குப் போகும் முன் ஒரு சின்னச் சுற்று. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவு இல்லம் ஒன்றை நடத்த வந்தார். ஆசிரியர்கள் போதவில்லை. அங்கே உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போடுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அதையே செய்தார். எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்து அவனிலும் சிறியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான், வேறொன்றுமில்லை. 1797இல் இதை எழுதி லண்டனில் வெளியிட்டார். இங்கிலாந்து முழுவதும் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும் தாத்தாவுக்கு இது புதினமாக இருக்காது, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பவர் அவர்.

ஆனால் அந்த முறை எழுத்துக்கும் எண்ணுக்கும் ஆனது. மூன்று வயதுப் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்வி ஆலைகளிலிருந்து வந்தது.

ஆலைச் சங்கு ஊதியபோது

ஸ்கொட்லாந்தில் நியூ லானார்க் என்ற ஊரில் பெரிய பஞ்சு ஆலை. முதலாளி ராபர்ட் ஓவன். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். அப்படியானால் பெற்றோர் இருவரும் ஆலையில் இருக்கும்போது பிள்ளைகள் எங்கே இருப்பது? 1816 ஜனவரி 1ஆம் திகதி ஒரு கட்டடத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய பிள்ளையே அங்கே போகலாம். புத்தகம் கொடுத்துப் பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது, அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பது அவர் விதி. பாட்டு, ஆட்டம், படம், வெளியே போய்ச் செடிகொடி பார்ப்பது. பொறுப்பாக அவர் போட்டது ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியை. படிப்பைவிடப் பிள்ளைகளோடு பழகும் பொறுமை முக்கியம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

ஓவன் நல்ல மனிதர் என்பதோடு இதை முடித்துவிட முடியாது. தாய் தவறாமல் வேலைக்கு வந்தால்தான் ஆலை ஓடும். பிள்ளைப் பராமரிப்பும் முதலாளியின் கணக்கும் முதல் நாளிலிருந்தே ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. அதைவிட, இந்த யோசனை லண்டனுக்குப் போனதும் சாமுவேல் வில்டர்ஸ்பின் போன்றவர்கள் படிக்கட்டு மாதிரி இருக்கை அமைத்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒரே ஆசிரியர் முன் உட்கார வைத்தார்கள். செலவு குறைந்தது, ஆட்டமும் பாட்டும் ஒரே குரலில் ஒப்பிப்பதாக மாறின. ஒரு நல்ல யோசனையை மலிவாகப் பரப்பப் போனால் முதலில் உதிர்ந்துபோவது விளையாட்டுத்தான். நம் ஊர் முன்பள்ளிகளிலும் இதைப் பார்க்கிறோம்.

ஃபுரோபெலும் மொண்டிசோரியும்

இரண்டாவது நூல் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃப்ரீட்ரிக் ஃபுரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்கான நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பேர் வைத்தார். மரக் கட்டை, பந்து, உருளை என்று வரிசையாக விளையாட்டுப் பொருட்கள் செய்தார். பிள்ளை விளையாடும்போதுதான் சிந்திக்கிறது, எனவே விளையாட்டே பாடம் என்றார். சிறு பிள்ளை ஆசிரியத்துக்குப் பெண்களைப் பயிற்றுவித்தவரும் அவர்தான். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: அவருடைய உறவுக்காரர் கார்ல் ஃபுரோபெலின் அரசியல் எழுத்தை இவருடையது என்று குழப்பிக்கொண்டார்கள். தடை நீங்கியது 1860இல், அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து. அதற்குள் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய பெண்கள் அதை லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோயிருந்தார்கள்.

மொண்டிசோரியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மொண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். அவரைக் கூப்பிட்டவர்கள் கல்வி அதிகாரிகள் இல்லை, கட்டடக் கம்பெனிக்காரர்கள். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படியிலும் சுவரிலும் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள், யாராவது பிடித்து வைத்துக்கொண்டால் பராமரிப்புச் செலவு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. அந்த இடத்தைத்தான் மருத்துவரான மொண்டிசோரி பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்கும் ஆய்வுகூடமாக மாற்றிக்கொண்டார். சுவரைக் காப்பாற்றத் தொடங்கிய இடம், உலகம் முழுக்கப் பரவிய ஒரு கல்வி முறையின் பிறப்பிடமாகிவிட்டது.

1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் பிரித்தானிய அரசு அவரை இந்தியாவை விட்டுப் போக விடவில்லை. கொடைக்கானலில் சில காலம் இருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதன் தடம் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் நல்ல பள்ளிக்கூடங்களில் பதிந்தது. பிற்காலத்தில் 'மொண்டிசோரி' என்ற சொல் யாரும் பலகையில் எழுதிக்கொள்ளக்கூடிய பேராகிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு வயதுப் பிள்ளை இருவரிக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கும். அந்த அம்மையார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கோப்பிக்குத் தேவைப்படாதது, தேயிலைக்குத் தேவைப்பட்டது

இனி மலைக்கு வருவோம். 1820களிலிருந்து கண்டி மலைகளில் கோப்பி. அது பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் ஆட்கள் மன்னார் வழியாக நடந்து வந்தார்கள், வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிள்ளைகளை எங்கே வைப்பது என்ற கேள்வி துரைமாருக்கு வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலை வேறு மாதிரிப் பயிர். ஆண்டு முழுக்கக் கொழுந்து வரும், சில நாளுக்கு ஒரு முறை அதே மலையை எடுத்தாக வேண்டும். எனவே ஆள் நிரந்தரமாகத் தோட்டத்திலேயே இருக்க வேண்டும், குடும்பத்தோடு இருக்க வேண்டும், அதுவும் பெண்கள் இருக்க வேண்டும். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடு நிரந்தரக் குடியிருப்பானது இப்படித்தான். லயத்தில் பிள்ளை பிறந்தது, தாய்க்குக் காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்.

ஆரம்பத்தில் தாய்மார் குழந்தையை மலைக்கே தூக்கிக்கொண்டு போய், நிழல் மரத்துக் கிளையில் ஏணை கட்டிப் போட்டுக் கொழுந்து எடுத்தார்கள். மூத்த பிள்ளை இளையதைப் பார்த்துக்கொள்ளும். அட்டைக்கடி, மழை, வெயில் எல்லாம் குழந்தைக்கும்தான். பின்னர் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மடுவம் கட்டி, மலைக்குப் போக முடியாத வயதான பெண்ணொருவரை உட்கார வைத்தார்கள். பிள்ளை மடுவம் வந்த வழி இது. நியூ லானார்க்கின் அதே கணக்கு, ஓவன் போட்ட பாட்டும் ஆட்டமும் மட்டும் இல்லை.

சட்டம் ஆறு வயதில்தான் கண் விழித்தது

கல்வி வேறு வழியால் வந்தது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாக உபதேசியார்களை அனுப்பிச் சில பள்ளிக்கூடங்கள் நடத்தியது. லயத்துத் திண்ணையில் எழுத்தறிந்த ஒருவர் மாலையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அரசாங்கம் தலையிட்டது 20ஆம் நூற்றாண்டில். 1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுப்பது தோட்ட துரையின் கடமை என்றது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதையே மேலும் வலியுறுத்தியது.

அந்த இரண்டு எண்களையும் கவனியுங்கள். 10 வயதுக்கு மேல் பிள்ளை வேலைக்காரர். 1929இல் மலைநாட்டின் உயரமான தோட்டங்களுக்கு நாட்சம்பளம் நிர்ணயித்தபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று மூன்று வகை இருந்தது. பிள்ளைக்கென்று தனிச் சம்பளமே சட்டத்தில் இருந்தது என்பதை இன்றைய தலைமுறை நம்ப மறுக்கும். 6 வயதுக்குக் கீழே? அங்கே கல்விச் சட்டத்துக்கு எந்த வேலையும் இல்லை. அந்தப் பிள்ளைகள் தொழிலாளர் நலன் என்ற பெட்டிக்குள் போனார்கள். 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின் வழி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்குப் பாலூட்ட வேலை நேரத்தில் இடைவேளை உண்டு: பிள்ளைக் காம்பரா இருந்தால் இரண்டு முறை அரை மணி நேரம், இல்லாவிட்டால் இரண்டு முறை ஒரு மணி நேரம். பிள்ளைக் காம்பரா வைத்திருந்தால் நாளுக்கு ஒரு மணி நேர வேலை நிர்வாகத்துக்கு மிச்சம். சட்டமே அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறது.

முடிச்சு விழுந்த இடம் இதுதான். பள்ளிக்கூடம் கல்வி, பிள்ளைக் காம்பரா தொழில். பிறகு வந்தவை எல்லாம் இந்தக் கோட்டின் மேலேயே கட்டப்பட்டன.

பிள்ளைக் காம்பராவின் ஒரு நாள்

பழைய பிள்ளைக் காம்பரா எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சில தோட்டங்களில் அதன் மிச்சம் இன்றும் உண்டு. தகரக் கூரை, ஒரே அறை, புகை படிந்த சுவர். விட்டத்திலிருந்து பழைய சேலைகளில் வரிசையாக ஏணைகள். அதிகாலைக் குளிரில், பெரட்டுக்கு முன், தலையில் கொங்காணி போட்ட தாய் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போத்தலும் ரொட்டிச் சுருளுமாக வருவாள். ஆயம்மா வாங்கி ஏணையில் போடுவார். பத்து மணி நிறுவைக்குக் கொழுந்து கொண்டு வரும்போது தாய் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். பக்கத்து மலையில் வேலை என்றால் அது நடக்கும், தூரத்து மலை என்றால் இல்லை. நடக்கிற பிள்ளைகள் தரையில் சாக்கின் மேல். ஆயம்மாவின் வேலை பிள்ளை அழாமல், அடுப்புப் பக்கம் போகாமல் பார்ப்பது. பாட்டும் கதையும் அவர் மனசைப் பொறுத்தது. பல ஆயம்மாமார் நாட்டுப் பாடல்களின் களஞ்சியமாக இருந்தார்கள். ஆனால் அது அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த வேலையின் பகுதியாக ஒருநாளும் கணக்கில் வரவில்லை.

1945 முதல் 1992 வரை: யார் எதை எடுத்துக்கொண்டார்

கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்குள் வரவில்லை, தோட்டத்தோடேயே நின்றன. 1948இல் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியபின் அவர்களுக்காகக் கேட்க நாடாளுமன்றத்தில் ஆளும் இல்லை. அப்புறம் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. அதே தசாப்தத்தின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது.

பாடசாலை கல்வித் திணைக்களத்துக்குப் போனது, பிள்ளைக் காம்பரா போகவில்லை. அது தோட்டத்துச் சமூகநலப் பிரிவின் கீழ் நின்றது. யாரும் சதி செய்து அப்படி ஆக்கவில்லை. 1907இல் போட்ட கோடு அப்படியே கிடந்தது, அவ்வளவுதான்.

1979 சர்வதேச சிறுவர் ஆண்டு. அந்தக் காலத்தில்தான் சிறுவர் செயலகம் உருவானது. தோட்டங்களில் யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு பிள்ளைக் காம்பரா பற்றிய பார்வையும் மெல்ல மாறத் தொடங்கியது: இளம் பெண்களைப் பயிற்றுவித்து நியமிப்பது, பிள்ளையின் நிறையை அட்டையில் குறிப்பது, திரிபோஷா என்ற சத்துமா கொடுப்பது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. அதையொட்டி அரசு, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து ஒரு நிதியம் அமைத்தன. அதுதான் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியம், மக்கள் பேச்சில் ட்ரஸ்ட். சிறுவர் அபிவிருத்தி நிலையங்களை மேற்பார்ப்பதும் அவர்களே. 2015இல் உலக வங்கி இலங்கையின் முன்பிள்ளைப் பருவத் திட்டத்துக்கு 5 கோடி அமெரிக்க டொலர் கடன் கொடுத்தபோது தோட்ட நிலையங்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. பிள்ளை உயரத்துக்குக் குழாய், வர்ணச் சுவர், விளையாட்டு முற்றம் என்று சில தோட்டங்களில் நிற்கும் புதிய கட்டடங்கள் அந்தக் காலத்தவை.

முன்பள்ளி இதற்குள் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. கோயில் மண்டபத்தில், தேவாலயத்தில், வாசிகசாலையில், தொண்டு நிறுவன உதவியில், அல்லது க.பொ.த. உயர்தரம் முடித்த பெண்ணொருத்தி தன் வீட்டு முன்னறையில். மாதக் கட்டணம் பெற்றோர் கையிலிருந்து. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தபோது முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளுக்குப் போனது. தேசியக் கொள்கை என்று ஒன்று எழுதப்பட்டது 2004இல்தான்.

இன்று இதனால் வரும் விளைவுகள்

1. நேரம் பொருந்தவில்லை. முன்பள்ளி முற்பகலோடு முடிகிறது, மலை வேலை மாலை வரை. 4 வயதுப் பிள்ளையை நடுப்பகலில் யார் கூட்டி வருவது? பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளை முன்பள்ளிக்குப் போகிறது. பாட்டி இல்லாத வீட்டில் முன்பள்ளியை விட்டுவிட்டுப் பிள்ளைக் காம்பராவிலேயே விடுகிறார்கள். பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதை வீட்டில் கிழவி இருக்கிறாளா என்பது தீர்மானிக்கிறது.

2. மேற்பார்வை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நிலையம் தோட்டத்திடமும் ட்ரஸ்டிடமும், முன்பள்ளி மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களிடம், தரம் 1 கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில். கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2014இல். மக்கள் பிரதிநிதி இல்லாத சபையிடம் முன்பள்ளியைப் பற்றி யார் போய்க் கேட்பது? ஆளுநரும் அதிகாரிகளும்தான்.

3. சம்பளம். முன்பள்ளி ஆசிரியையின் வருமானம் பெரும்பாலும் பெற்றோர் கட்டணமும் அரசின் சிறு கொடுப்பனவும். கட்டணம் கொடுக்க முடியாத மாதங்கள் தோட்டத்தில் சகஜம். பயிற்சி பெற்ற பெண் நல்ல வேலை கிடைத்ததும் கொழும்புக்குப் போய்விடுகிறாள், பிள்ளைகள் ஆண்டு நடுவில் புது முகத்தைப் பார்க்கின்றன. என் கணிப்பில், பாடத்திட்டம் பற்றிய எல்லாப் பேச்சையும்விடப் பெரிய பிரச்சினை இது.

4. தரம் 1இன் அழுத்தம் கீழே இறங்குகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பயம் முன்பள்ளி வரை வந்துவிட்டது. எழுத வைக்காத ஆசிரியையிடம் "ஒன்னும் சொல்லிக்குடுக்குறதில்ல" என்று பெற்றோரே குறை சொல்கிறார்கள். படிப்பு ஒன்றே மலையிலிருந்து இறங்கும் வழி என்று நம்பும் பெற்றோரின் அவசரம் அது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளையின் விரல் தசை அதற்குத் தயாரில்லை என்பதும் உண்மை.

5. தோட்டத்தில் பேர் இல்லாத தாய். இன்று மலையகப் பெண்கள் பலர் தோட்ட வேலையில் இல்லை. கடையில், ஆடைத் தொழிற்சாலையில், வெளிநாட்டில் இருக்கிறார்கள். பிள்ளை லயத்தில் பாட்டியிடம். நிலையம் என்பது தொழிலாளர் நலன் என்றால், தாய் தொழிலாளி இல்லாதபோது பிள்ளையின் உரிமை என்ன ஆகும்?

ஏன் இது வெறும் நிர்வாகச் சண்டை அல்ல

2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார அளவீட்டின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம், அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. உயரக் குறைவு என்பது நீண்டகால ஊட்டக்குறைவின் அடையாளம். அதோடு மூளை வளர்ச்சியும் பின்தங்கும் அபாயம் உண்டு. இந்தப் பாதிப்பின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்து முடிகிறது. பிள்ளை முன்பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பே.

சிறுபிள்ளைக் கல்வியின் பலன் என்றால் எல்லோரும் அமெரிக்காவின் பெரி முன்பள்ளி ஆய்வைக் காட்டுவார்கள். 1962இல் தொடங்கி 123 ஏழைப் பிள்ளைகளை எடுத்து, முன்பள்ளிக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் 40 வயது வரை பின்தொடர்ந்தது. போனவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் மேலே இருந்தார்கள். சரி, ஆனால் அது 3, 4 வயதுப் பிள்ளைகள் பற்றியது, நம் சூழலுக்குத் தூரம்.

நமக்குப் பொருத்தமானது ஜமெய்க்கா ஆய்வு. 1986, 87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் 9 முதல் 24 மாத வயதில் உயரம் குன்றிய 129 பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சத்துணவு, ஒரு பிரிவுக்கு விளையாட்டும் பேச்சும், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. விளையாட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், கழிவுப் பொருளில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். இரண்டு ஆண்டு. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். சத்துணவு மட்டும் கிடைத்த பிரிவில் அப்படியொரு நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

இதை வைத்துத் திரிபோஷா வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, பசித்த பிள்ளைக்குச் சோறு முதலில். ஆனால் ஒன்று விளங்குகிறது. நாம் 'பார்த்துக்கொள்ளும் இடம்' என்று ஒதுக்கி வைத்த பிள்ளைக் காம்பராதான் அதிகம் கற்கும் வயதுப் பிள்ளைகளைக் கையில் வைத்திருக்கிறது. 84 நாள் பிரசவ விடுப்பு முடிந்து தாய் பெரட்டுக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அன்றிலிருந்து நாளின் பெரும்பகுதி யாருடைய குரலைக் கேட்டு வளர்கிறதோ அவர்தான் அதன் முதல் ஆசிரியர்.

நீலகிரியில் என்ன நடந்தது

மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போனவர்களில் பலர் நீலகிரித் தேயிலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே 1951ஆம் ஆண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்றது. அதாவது அங்கேயும் தொடக்கம் தொழிலாளர் நலன்தான். ஆனால் 1975இல் இந்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபின், தாய் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்காமல் பிள்ளை இருக்கும் ஊரை வைத்து அங்கன்வாடி வந்தது. அங்கன்வாடிகளுக்கு ஆயிரம் குறை உண்டு, பணியாளர் சம்பளம் அங்கேயும் போராட்டம்தான். என்றாலும் உரிமை பிள்ளையின் பேரில் இருக்கிறது, செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் உள்ள தாயின் பேரில் இல்லை.

அடுத்த அறிவிப்பு வரும்போது பார்க்க வேண்டியவை

முன்பள்ளி பற்றிப் புதிய கொள்கையோ சட்டமோ பாடத்திட்டமோ அறிவிக்கப்பட்டால், கட்டடத் திறப்புப் படங்களைத் தாண்டி இவற்றைத் தேடிப் பாருங்கள்:

1. 'முன்பள்ளி' என்ற வரைவிலக்கணத்துக்குள் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் வருகிறதா? வராவிட்டால் பதிவு, பயிற்சி, கொடுப்பனவு எதுவும் அங்கே எட்டாது.

2. 3 வயதுக்குக் கீழே ஏதாவது சொல்லியிருக்கிறதா, அல்லது 1907ஐப் போல வயதுக் கோட்டுக்குக் கீழே மௌனமா?

3. நிலைய உத்தியோகத்தருக்கு யார் சம்பளம் கொடுப்பது? கம்பெனி தோட்டத்தைக் கைவிட்டால், காடாகிப்போன பிரிவுகளில் நடப்பதுபோல, நிலையத்தைத் தொடர்ந்து நடத்துவது யார்?

4. தோட்ட வேலையில் இல்லாத தாயின் பிள்ளைக்கு இடம் உண்டா? இதற்கு வாய்மொழியில் "உண்டு" என்பார்கள். சுற்றறிக்கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

5. எத்தனை மணி வரை? மாலை நான்கரைக்கு மலையிலிருந்து இறங்கும் தாய் வந்து சேரும் வரை பிள்ளை எங்கே இருக்கும் என்பதற்குப் பதில் இல்லாத திட்டத்தைப் பெற்றோர் பயன்படுத்தப் போவதில்லை. அது எத்தனை அழகான பாடத்திட்டமாக இருந்தாலும் சரி.